திறந்த தோட்டம்: குமரி மாவட்டத்து விளைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

வீட்டுக்காரர் ஒருவர் தன் சொந்தத் தோட்டத்தை வருடத்தில் ஒரு நாளோ சில நாட்களோ ஊராருக்குத் திறந்து விடுகிறார். வருகிறவர்கள் சிறு தொகை ஒன்றைக் கொடுத்து உள்ளே போகிறார்கள். மரம் மரமாகப் பார்க்கிறார்கள், வளர்த்தவரிடமே சந்தேகம் கேட்கிறார்கள், நிழலில் உட்கார்ந்து ஒரு கட்டன்சாயா குடிக்கிறார்கள், பிடித்தால் ஒரு செடியை விலைக்கு வாங்கிப் போகிறார்கள். சேர்ந்த பணம் வீட்டுக்காரரின் பைக்குப் போகாது. முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு பொதுக் காரியத்துக்குப் போகும். இதுதான் திறந்த தோட்டம். அந்தப் பொதுக் காரியம் ஊர்க் குளமோ, தெய்வத்துக்கென்று வெட்டாமல் விட்ட காவோ, பறவைகள் தங்கும் நீர்நிலையோ என்றால் அதை இயற்கைப் பாதுகாப்புக்கான திறந்த தோட்டம் என்று சொல்லலாம்.

பூங்காவுக்குப் போவதும் இதுவும் ஒன்றல்ல. உதயகிரிக் கோட்டையில் வனத்துறை வைத்திருக்கும் பல்லுயிர்ப் பூங்காவுக்கு எந்த வாரமும் போகலாம். அங்கே பராமரிப்புக்கு ஆட்கள் உண்டு, டிக்கெட் உண்டு. நர்சரி வியாபார இடம். பண்ணைச் சுற்றுலா ஒருவருக்கு வருமானம். திறந்த தோட்டத்தில் நீங்கள் பார்ப்பது ஒரு குடும்பம் தான் வாழ்வதற்காக வைத்துக்கொண்ட இடம். அன்றைக்கு மட்டும் நீங்கள் அங்கே விருந்தாளி.

இந்த ஏற்பாடு முறையாகத் தொடங்கியது இங்கிலாந்தில், 1927-இல். ஏழை நோயாளிகளின் வீடு தேடிப் போய் மருத்துவம் பார்த்த செவிலியர்களுக்காகப் பணம் திரட்டிய ஓர் அமைப்பின் குழுவில் எல்சி வாக் என்ற பெண்மணி இருந்தார். நல்ல தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்து தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கட்டும் என்பது அவர் சொன்ன யோசனை. முதல் வருடமே 609 தோட்டங்கள் திறந்தன. 8,191 பவுண்டு சேர்ந்தது. 1948-இல் அரசின் தேசியச் சுகாதார சேவை அந்தச் செவிலியர்களின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு, திரட்டிய பணத்தில் ஒரு பகுதி பழைய, அரிய தோட்டங்களைக் காப்பாற்றவும் போனது. நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. மாளிகைகள் மட்டும் அல்ல, ஒரு கிராமத்துச் சிறு வீடுகள் பல சேர்ந்து ஒரே நாளில் கதவு திறப்பதும் அங்கே சகஜம்.

அமெரிக்காவில் இது பிறந்த விதம் நமக்கு இன்னும் நெருக்கமானது. கலிபோர்னியாவில் ரூத் பான்கிராஃப்ட் என்ற பெண்மணி வறண்ட நிலச் செடிகளால் ஒரு தோட்டம் வளர்த்திருந்தார். அதைப் பார்க்கப் போன பிராங்க் கேபட் என்பவருக்கு, இந்த அம்மாளுக்குப் பிறகு இந்தத் தோட்டம் என்ன ஆகும் என்ற கவலை வந்தது. அந்தக் கவலையிலிருந்து 1989-இல் கார்டன் கன்சர்வன்சி என்ற அமைப்பு உருவானது. 1995 முதல் தனியார் தோட்டங்களை மக்களுக்குத் திறந்துவைக்கும் நாட்களை அவர்கள் நடத்துகிறார்கள்.

பெரியவர் போன பிறகு தோட்டம் என்ன ஆகும்? குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள மரத்தோட்டத்தை இங்கே விளை என்பார்கள். பாகம் பிரித்ததும் முதலில் விழுவது நடு விளையில் நிற்கும் அயனிப்பிலா மரம்தான். எல்லைக்கல் போட வழியில் நிற்கிறது என்பார்கள், தடிக்கு நல்ல விலை என்பார்கள். ஐம்பது சென்ட் விளை பத்துப் பத்து சென்டாகி, மனையாகி, முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து முடிக்க ஒரு கோடைக்காலம் போதும்.

விளைதான் இங்கே பாதிக் காடு

வெளியூர்க்காரர்கள் நம் மாவட்டத்து இயற்கை என்றால் இரண்டு முனைகளைத்தான் நினைப்பார்கள். ஒரு முனையில் மேற்குத் தொடர்ச்சி மலை, பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம், வனவிலங்குச் சரணாலயம். மறு முனையில் கடல், மணக்குடிக் காயல், புத்தளத்து உப்பளம். இரண்டுக்கும் நடுவே மக்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று எண்ணம். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழும் மாவட்டம் இது. அவ்வளவு நெருக்கத்திலும் மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு விளையை வைத்துக்கொண்டிருப்பதுதான்.

நல்ல விளை ஒன்றை அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே தெங்கும் அயனியும். அதற்குக் கீழே பிலா, மா, புளி, கொல்லாமரம். மரத்தில் பற்றி ஏறும் நல்லமிளகுக் கொடி. இடுப்பளவில் வாழை, மரச்சீனி, கறிவேப்பிலை. மண்ணோடு மண்ணாகச் சேனை, சேம்பு, காச்சில், இஞ்சி. வாழையிலேயே மட்டியும் செந்துளுவனும் ஏத்தனும் பேயனும் ரசகதலியும் ஒரே விளையில் நிற்கலாம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த வாழையைத் தலைமுறை தலைமுறையாகக் கன்று பிரித்து நட்டு வைத்திருந்தது இந்த மாதிரிக் குடும்பங்கள்தான். அரசு வந்து காப்பாற்றியதல்ல.

இந்த அடுக்கு இருக்கும்போது மலையிலிருந்து கடல்வரை போகிற பறவைக்கும் பூச்சிக்கும் இடையிடையே இடம் கிடைக்கிறது. பழைய பாதைகளில் சுமைகாரர்கள் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்களே, குக்குறுவான் பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒவ்வொரு விளையும் அந்தச் சுமைதாங்கி. நடுவில் நாலைந்து எடுத்துவிட்டால் பாதையே நின்றுபோகும்.

எடுக்கப்பட்டும் வருகின்றன. பல இடங்களில் அடுக்கு முழுவதையும் நீக்கிவிட்டு ஒரே மரமாக ரப்பர் வைத்தார்கள். ரப்பர் வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தப் பால்தான். ஆனால் கலப்பு விளையை வைத்திருப்பவருக்கு இன்று கையில் கிடைப்பது குறைவு, பேச்சுக் கேட்பது அதிகம். "சும்மா காடு புடிச்சுக் கெடக்கு" என்று சொந்தப் பிள்ளையே சொல்லும். ஐம்பது பேர் வந்து, காசு கொடுத்து, ஆச்சரியப்பட்டுப் பார்த்துவிட்டுப் போன விளையை அந்தப் பிள்ளை அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்லாது. திறந்த தோட்டத்தில் எனக்கு முதல் பலனாகப் படுவது இதுதான். பணம் அதற்குப் பிறகு.

உள்ளே போனால் எதைப் பார்ப்பது

புதிதாகப் போகிறவர்கள் பூவைத் தேடுவார்கள். பூ அழகுதான். ஆனால் ஒரு தோட்டம் இயற்கைக்கு உதவுகிறதா என்று அறிய வேறு சில அடையாளங்கள் உண்டு, அவற்றில் பல பார்க்க அழகாக இருக்காது.

முதலில் ஓட்டை விழுந்த இலைகளைப் பாருங்கள். கறிவேப்பிலைக் கன்றின் இலைமேல் பறவை எச்சம் விழுந்ததுபோல ஒன்று ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஒரு புழு. கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுப் பருவம் அது. சில நாளில் பச்சை நிறமாக மாறும். நாரகத்திலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை அழகி. வேலியில் கருடக்கொடி படர்ந்திருந்தால் நின்று பாருங்கள். ஈசுரமூலி என்றும் இதைச் சொல்வார்கள். தென்னிந்தியாவுக்கே உரிய பெரிய வண்ணத்துப்பூச்சியான பொன்னழகி முட்டையிடுவது இந்தக் குடும்பத்துக் கொடிகளில்தான். கொடியில் இருக்கும் நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. வேலி கெட்டுப்போனது என்று கருடக்கொடியை வெட்டி எறிந்து கம்பிவலை போட்ட வீட்டில் எத்தனை பூச்செடி வைத்தாலும் பொன்னழகி தேன் குடிக்க வரலாம், குடும்பம் நடத்தாது. மலையடிவாரத்து ஓடைக்கரை விளைகளில் நீரடிமுத்து மரம் நின்றால் அது இன்னும் விசேஷம். 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு தின்பது அந்த மரத்து இலையை.

அடுத்து, செத்த மரம். தலை போன தென்னை ஒன்று விளையில் நின்றால் வெட்டச் சொல்லி எல்லாரும் யோசனை சொல்வார்கள். அந்தத் தடியில் உள்ள பொந்தில் கிளியோ மைனாவோ புள்ளி ஆந்தையோ குடியிருக்கக்கூடும். குக்குறுவான் பட்டுப்போன மென்மையான கிளையில் தானே துளையிட்டுக் கூடு வைக்கும். வீட்டின்மேல் விழாத தூரத்தில் இருந்தால் அந்தத் தடி நிற்கட்டும். அகஸ்தீஸ்வரம் பக்கம் பனை நிற்கும் விளைகளில் காய்ந்து தொங்கும் ஓலையைக் கவனியுங்கள். பனை உழவாரன் தன் சிறு கூட்டை அந்த ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் ஒட்டிவைக்கும். பனையைச் சுத்தமாகச் சிரைத்துவிட்டால் அதற்கு இடமில்லை.

பழைய மண்சுவர், வெட்டுகல் சுவர் இவற்றின் இடுக்கில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீயின் வாசல். சிறுதேன் எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். கொட்டாத தேனீ, குழந்தைகளுக்குக் காட்டலாம்.

தேனீயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுத் தோட்டமும் ஊர்ப் பொருளாதாரமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் மாவட்டத்தில் கிடைக்காது. 1920-களில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் மார்த்தாண்டத்தில் நடந்த ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுசீரமைப்பு மையம் பெட்டியில் தேனீ வளர்ப்பதைக் குடியானவர்களிடம் பரப்பியது. மார்த்தாண்டம் தேன் பெயர்பெற்ற கதையின் தொடக்கம் அங்கேதான். பிறகு 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. மிஞ்சியவற்றிலிருந்து திரும்பவும் பெருக்கினார்கள்.

இன்று இங்கே எடுக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தளிர் விடும்போது ரப்பரின் இலைக்காம்பில் தேன் சுரக்கும். அந்த இரண்டு மூன்று மாதம் தேனீக்கு விருந்து. ஆனி, ஆடி மழையில் பட்டினி. அப்போது பெட்டியைப் பிழைக்கவைக்கப் பலர் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள். பாகில் மகரந்தம் கிடையாது. வருடம் முழுவதும் பாளை விடும் தெங்கு, வேலியோரத் தும்பை, துளசி, கொடிரோஜா, காட்டுச்செடி என்று எதையாவது பூக்கவைத்து அந்த மாதங்களைக் கடத்துவது கலப்பு விளைதான். பக்கத்து விளையில் ஒரு பெரியம்மா களை பறிக்காமல் விட்ட தும்பை, எங்கோ பெட்டி வைத்திருக்கும் ஒருவரின் தேனுக்குத் துணை நிற்கிறது. அந்தப் பெரியம்மாவுக்கு இது தெரிய வேண்டாமா? திறந்த தோட்ட நாளில் தேனீ வளர்க்கிறவரும் வந்து நின்றால் தெரிந்துவிடும்.

செம்பருத்தியிலும் ஒரு விஷயம் கவனிக்கலாம். ஒற்றைச் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்தபடி இருக்கும். பல இதழ் அடுக்குள்ள வகைகளில் அலகு நுழையவே இடம் இல்லை. பார்வைக்குப் பெரிய பூ, பசிக்கு ஒன்றுமில்லை. இரண்டும் நிற்கும் தோட்டத்தில் கால்மணி நேரம் நின்றாலே இந்த வித்தியாசம் பிடிபடும்.

சில பழைய குடும்பங்களின் நிலத்தில் மூலையில் காவு இருக்கும். நாகரும் விளக்கும், சுற்றிலும் யாரும் கத்தி வைக்காத பழைய மரமும் கொடியும். தனியார் நிலத்தில் இயற்கையைக் காப்பது நமக்குப் புதிய யோசனை அல்ல என்பதற்கு இது போதும். காவைக் காட்டுவதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. காட்டினால் செருப்பைக் கழற்றிவிட்டு விளக்குவரை மட்டும் போவது மரியாதை. உள்ளே புகுந்து படம் எடுக்க ஆசைப்பட வேண்டாம்.

பணம் எவ்வளவு, எங்கே

ஒரே முடுக்கில் ஐந்து வீடுகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அறுபது பேர் வந்து, ஐந்தையும் பார்க்கத் தலைக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் 3,000 ரூபாய். நாற்று விற்றதில் இன்னும் கொஞ்சம் சேரும். இதை வைத்துக் குளம் தூர்வார முடியாது. அதனால் கைக்கு எட்டுகிற, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிற ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளக்கரையின் ஒரு துறையில் ஆகாயத்தாமரையை வாரிப் போடக் கூலி. பள்ளிக்கூடத்துக்குப் பறவைக் கையேடுகள். கரையோரம் நட நாட்டு மர நாற்று, அதைச் சுற்றி ஆடு கடிக்காமல் இருக்க வேலி. இந்த அளவு போதும். "இயற்கையைக் காப்போம்" என்று பொதுவாக வாங்கிய பணம் எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வருடம் ஒருவரும் வரமாட்டார்கள்.

குளத்தை முன்னால் வைக்கக் காரணம் உண்டு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. நாமக்கோழி, இலைக்கோழி, நாரை, கூழைக்கடா என்று தேரூர்க் குளத்தில் பார்க்கிற பறவைகளுக்கும் நம் வீட்டு விளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வாழைக்கு அடித்த மருந்தும் அடிமூட்டில் போட்ட உரமும் மழையில் கரைந்து, ஓடை வழியாக வாய்க்காலுக்கும் அங்கிருந்து ஏதாவது ஒரு குளத்துக்கும்தான் போகின்றன. தோட்டத்தைக் காட்டி வரும் பணம் குளத்துக்குப் போவது பொருத்தம்தான்.

ஊராட்சி மூலமாகச் செய்ய விரும்பினால் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். உள்ளூர் பல்லுயிர் நிதி என்ற ஒன்றையும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஊரில் உள்ள செடி, மரம், விலங்கு, நாட்டு ரகம், அவற்றைப் பற்றிய அறிவு எல்லாவற்றையும் எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் அந்தக் குழுவின் வேலை. உங்கள் ஊராட்சியில் குழு செயல்படுகிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். செயல்பட்டால், திறந்த தோட்ட நாளன்று பதிவேட்டுக்காரரை நேரில் அழைத்துவிடுங்கள். பேயன் வாழைக்கும் சிங்கன் வாழைக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவர்கள் விளைகளில்தான் இருக்கிறார்கள், அலுவலகத்தில் இல்லை.

எங்கே கொடுத்தாலும் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர் எண்ணிக்கை, வரவு, செலவு மூன்றையும் அதில் எழுதி, ஊர் வாசகசாலையிலோ டீக்கடையிலோ ஒரு நகல் ஒட்டிவிட வேண்டும்.

போகிறவர்களுக்கு

சொன்ன நேரத்துக்குப் போங்கள். காலை ஏழிலிருந்து பத்துக்குள் பறவை இருக்கும், வெயில் ஏறிய பிறகு வண்ணத்துப்பூச்சி. வீட்டையும் வீட்டில் உள்ளவர்களையும் கேட்காமல் படம் எடுத்து வாட்ஸாப்பில் போடக் கூடாது. கதவு திறந்தது விளைக்கு மட்டும்தான். காய் பறிப்பது, கிளை ஒடிப்பது கிடையாது. விழுந்து கிடக்கும் கொல்லாம்பழத்தை எடுக்கவும் கேட்டுவிட்டுத்தான்.

கேட்பது எப்படி என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அக்கா, இந்தக் கொடியில ஒரு கம்பு தருவியளா?" என்றால், "இப்ப வெட்டினா பட்டுப்போவும் மக்கா. மழை விழட்டும், வந்து கேளு, தாரேன்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் நடவுக்காலம் பற்றிய ஒரு பாடமும் திரும்ப வருவதற்கு ஓர் அழைப்பும் இருக்கின்றன. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாங்கிப் போவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் செடி போனால் நோயும் கூடவே போகும். வாழையில் முடிக்கொத்து நோய் கன்று வழியாகப் பரவும். நுனியில் இலைகள் குறுகிக் கொத்தாக நெருங்கி நிற்கும் மூட்டிலிருந்து கன்று எடுக்கவே கூடாது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னிந்தியத் தென்னைகளில் பரவிய வேகம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை மாவுபோலச் சுருள் சுருளாக இருந்தால் அந்தச் செடி அங்கேயே இருக்கட்டும். தொட்டி மண்ணில் ஆப்பிரிக்கப் பெருநத்தையின் முட்டை இருக்கலாம் என்பதால், மண்ணை உதறிவிட்டுக் கம்பாகவோ விதையாகவோ வாங்குவது நல்லது.

அழகுக்காக ஆகாயத்தாமரையைத் தொட்டியில் வைத்திருப்பவர் ஒருவரிடமாவது போய்ச் சேர்வீர்கள். ஊதாப் பூ பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு துண்டு வாய்க்காலில் விழுந்தால் குளம் மூடும். மஞ்சள் பூவோடு தரையை மூடிப் படரும் சிங்கப்பூர் டெய்சியும் உண்ணிச்செடியும் அதே வகை. விருந்துக்குப் போன இடத்தில் சண்டை வேண்டாம், ஆனால் வாங்கி வராதீர்கள். காட்டிலிருந்து பறித்த ஆர்க்கிட் என்று யாராவது விற்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரணாலயத்திலிருந்து செடி எடுப்பது குற்றம்.

திறக்க நினைப்பவர்களுக்கு

தனி வீடாகத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. நாலைந்து வீடுகள் சேர்ந்தால் வேலையும் பயமும் குறையும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் துணைக்கு நிற்க வேண்டும். ஊராரும் தெரிந்தவர்களும் அவர்கள் அழைத்து வருகிறவர்களும் என்று முதல் வருடம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோட்டத்தை அலங்கரிக்க வேண்டியதில்லை. ஆபத்தை மட்டும் நீக்குங்கள். கைப்பிடிச்சுவர் தாழ்ந்த கிணற்றுக்கு மூடி போடவோ கயிறு கட்டவோ வேண்டும். நாயைக் கட்டவேண்டும். ஒரு வாரத்துக்கு முன்பே தேங்காய் வெட்டி, காய்ந்த மட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, ஆட்கள் நடக்கும் வழியைக் காய்க்கிற தெங்கின் மூட்டைவிட்டு விலக்கி அமையுங்கள். தேனீப் பெட்டி இருந்தால் அதன் வாசலுக்கு நேரே யாரும் நிற்காதபடி ஒரு கம்பு நடுங்கள். கூண்டில் கிளி வளர்க்கும் வீடாக இருந்தால் தோட்டம் திறப்பதற்கு முன் அந்தக் காரியத்தைச் சரிசெய்ய வேண்டும். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.

மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது வீட்டில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். அயனி என்றால் அயனி. யார் நட்டது, எந்த வருடம், எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதினால் பார்க்கிறவர்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள். மூலையில் குப்பைமேனியும் கீழாநெல்லியும் முளைத்துக் கிடக்கும் இடத்தைச் செதுக்கிவிடாமல் "இது வேண்டுமென்றே விட்டது" என்று ஒரு அட்டை வையுங்கள்.

நாள் குறிப்பதற்கு நம் மாவட்டத்தில் வசதி அதிகம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஒரு வருடத்தில் இரண்டு முறை தோட்டம் தெளிந்து நிற்கும். வண்ணத்துப்பூச்சிக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இடைவெளி நாட்கள். பலாச்சக்கையும் மாங்காயும் காட்ட வேண்டுமென்றால் சித்திரை, வைகாசி. முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது தை மாதம். மழை ஓய்ந்திருக்கும், வெளியூரில் வேலைபார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருப்பார்கள், வலசை வந்த பறவைகள் தேரூரிலும் புத்தளத்திலும் இருக்கும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. வீட்டு விளையில் கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறித்து பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் அதுவும் கணக்கில் சேரும். செம்போத்து, கொண்டைக்குருவி, வால்காக்கை, தையல்சிட்டு, தேன்சிட்டு என்று தெரிந்ததில் தொடங்கினால் போதும். அந்தப் பட்டியலை வரவு செலவு நோட்டின் அடுத்த பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அடுத்த தை மாதம் அதே விளையில் நின்று எண்ணும்போது ஒப்பிட உதவும்.